மருந்து அடித்த மறுநாள் கருகும் வேலிச்செடிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நம் செட்டிநாட்டு ஊர்களில் வேலிச்செடிகளுக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிடுகிறது. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் மதில் ஓரச் செம்பருத்தியின் நுனிகளில் மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாக அப்பியிருப்பதையும், அரளிக் கொழுந்தில் அசுவினி என்ற மஞ்சள் பூச்சி மொய்ப்பதையும் பார்க்கலாம். வீட்டுக்காரர்கள் பதறிப்போய்க் கடையில் கொடுத்ததை வாங்கி அடிக்கிறார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பூச்சி பாதிதான் போயிருக்கிறது, இலை முழுக்கக் கருகியிருக்கிறது. "பூச்சி முத்திப்போச்சு" என்று இந்த முறை இரட்டிப்பு அளவில் அடிக்கிறார்கள். வேலி மொட்டையாகிறது.

இந்தக் கருகல் பூச்சியால் வருவதில்லை என்று சொல்லத்தான் இக்கடிதம். சாறு உறிஞ்சும் பூச்சி இலையைச் சுருட்டும், மஞ்சளாக்கும், பிசுபிசுப்பாக்கும், கறுக்க வைக்கும். இலை ஓரம் காகிதம் போலக் காய்ந்து பழுப்பாவதும், கரைசல் வடிந்து தேங்கிய நுனி மட்டும் வெந்துபோவதும், மேற்புறத்தில் துளி விழுந்த வடிவத்திலேயே புள்ளி விழுவதும் நம் தெளிப்பால் வந்தவை. தெளித்த இரண்டு மூன்று நாளுக்குள், அதுவும் வெயில் படும் பக்கத்தில் மட்டும் வந்தால் ஐயமே வேண்டாம். உப்புத் தண்ணீர் பாய்ச்சினாலும் இலை ஓரம் கருகும். ஆனால் அது முதிர்ந்த இலைகளில், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் மருந்தை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை.

முதலில் தண்ணீர். வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் இரண்டும் நல்ல மருந்துகள்தான். ஆனால் அவற்றைக் கலக்கும் தண்ணீர் கடினமாக இருந்தால் இரண்டும் கெட்டுப்போகும். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகப் படியும். அந்தத் திரி பூச்சியைக் கொல்லாது, தெளிப்பான் வாயை அடைக்கும், இலைமேல் வெள்ளைப் படலமாக உட்காரும். அதைவிடக் கேடு, எண்ணெயைப் பிடித்து வைத்திருந்த சோப்பு போய்விடுவதால் எண்ணெய் தனியே மிதப்பது. அப்படி மிதக்கும் எண்ணெய் தெளிப்பானில் கடைசி அரை லிட்டரில் செறிந்து வரும். வேலியின் ஒரு கோடி மட்டும் கருகி, மற்ற இடம் நன்றாக இருப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு கட்டுகிறதா? அப்படியென்றால் அந்தத் தண்ணீர் இதற்கு ஆகாது. சோதித்துப் பார்ப்பதும் எளிது. மூடியுள்ள ஒரு பாட்டிலில் அரைப் பங்கு தண்ணீர் எடுத்து, சீவிய சோப்புத் துளி போட்டுக் குலுக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். நுரை நின்று, தண்ணீர் சற்றுப் பால் நிறத்தில் ஒரே சீராக இருந்தால் சரி. நுரை உடனே அடங்கி, மேலே தயிர்த் திரி போல மிதந்தால் வேண்டாம். சம்பை ஊற்றுக் குடிநீர் வரும் காரைக்குடி வீடுகளில் அதையே இப்படிச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். எல்லாவற்றிலும் சிறந்தது மழைத்தண்ணீர். நம் வீடுகளின் வளவு முற்றத்தில் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் வந்து விழும்படி முன்னோர் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் முதல் மழைத் தூசி போன பிறகு இரண்டு மூன்று குடம் பிடித்து மூடி வைத்தால், ஒரு சின்ன வேலிக்குப் பல முறை தெளிக்கப் போதும். மழைநீர் இல்லாவிட்டால் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்கலாம். கடினத்தில் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். முழுக்கப் போகாது என்பதால் பாட்டில் சோதனையை மறுபடி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது சோப்பு. இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு எல்லாம் சோப்பு அல்ல. இலையின் மேல் ஒரு மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது, தண்ணீர் ஆவியாகிவிடாமல் காப்பது அதுதான். எண்ணெய்ப் பிசுக்கு நீக்கவென்றே செய்த டிடர்ஜென்ட் பூச்சியின் மெழுகோடு இலையின் மெழுகையும் கழுவிவிடும். பிறகு பங்குனி வெயிலில் அந்த இலை தாங்காது. காதி சோப்பு போன்ற எண்ணெயில் செய்த, வாசனையும் வெளுப்பானும் அதிகம் சேராத பார் சோப்பை எடுங்கள். வேளாண் இடுபொருள் கடைகளில் கிடைக்கும் பொட்டாஷ் சோப்புத் திரவமும் நல்லது. அதற்கு லேபிளில் உள்ள அளவே கணக்கு.

பார் சோப்பென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம். அதாவது 100 கிராம் கட்டியில் இருபதில் ஒரு பங்கு. சீவி, கால் லிட்டர் வெந்நீரில் கரைத்து, ஆறிய பின் துணியில் வடிகட்டி, மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். அசுவினிக்கும் இளம் மாவுப்பூச்சிக்கும் இதுவே போதும். செதில் பூச்சி, முதிர்ந்த மாவுப்பூச்சி என்றால் 10 கிராம் வரை போகலாம். 20 கிராமுக்கு மேல் எந்தச் செடிக்கும் போகக் கூடாது. சோப்பு பூச்சியின் உடல்மேல் ஈரமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும். காய்ந்துவிட்டால் அதற்கு வீரியமில்லை. ஆகவே இலை மெல்லிய செடிகளுக்கு, தெளித்து இரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிட்டால் பலன் குறையாது, இலைக்கு மட்டும் பாதுகாப்பு. மாலையில் தெளித்தவர்கள் மறுநாள் வெயில் ஏறும் முன் கழுவலாம். இந்த ஒரு காரியம் செய்தாலே பாதிக் கருகல் நின்றுவிடும்.

வேப்பெண்ணெய் கலப்பதில் வரிசை முக்கியம். பலர் வாளி நிறையத் தண்ணீரில் எண்ணெயை ஊற்றி, பிறகு சோப்பைப் போட்டுக் கலக்குகிறார்கள். அது கலக்காது. முதலில் எண்ணெயையும் சோப்பையும்தான் சேர்க்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 10 மில்லி வேப்பெண்ணெய், அதாவது இரண்டு தேக்கரண்டி. அதில் கெட்டியாகக் கரைத்த சோப்புக் கரைசல் ஒரு தேக்கரண்டி விட்டுக் குழைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடித்தால் மோர் போல வெளுக்கும். அந்தப் பதம் வந்த பிறகுதான் மீதித் தண்ணீர். மேலே எண்ணெய்க் கண்ணி மிதந்தால் இன்னும் அடியுங்கள், அப்படியும் மிதந்தால் அதைத் தெளிக்காதீர்கள். கலந்ததை அன்றே, சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தால் பிரிந்துவிடும். தெளிக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தெளிப்பானைக் குலுக்குவதும் அவசியம். மார்கழிக் குளிரில் எண்ணெய் கெட்டித்துப் போயிருந்தால் பாட்டிலை வெந்நீரில் சற்று நேரம் நிறுத்தி இளக்கிக்கொள்ளுங்கள்.

வயலுக்கு 3 சதவீத வேப்பெண்ணெய், அதாவது லிட்டருக்கு 30 மில்லி சொல்வது உண்டு. அதைப் படித்துவிட்டு வீட்டு வேலிக்கும் அதே அளவு போடுகிறார்கள். மதில் சூடும் சிமெண்டுத் தரைச் சூடும் சேர்ந்த இடத்தில், தளிர் நிறைந்த வேலிக்கு அது அதிகம். 5 மில்லியில் தொடங்கி, 10இல் நிறுத்துவது நல்லது.

வேப்பங்கொட்டைக் கரைசல் எண்ணெயைவிட இலைக்கு மென்மையானது. செட்டிநாட்டில் வேம்புக்குக் குறைவா? ஆனி, ஆடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் வைத்தால் அடுத்த தையிலிருந்து உதவும். மூன்று மாதத்துக்குக் குறைந்த கொட்டையிலும், எட்டு மாதம் தாண்டிய கொட்டையிலும் வீரியம் குறைவு. லிட்டருக்கு 50 கிராம் பருப்பு. எண்ணெய் கசியாத அளவுக்கு இடித்து, மெல்லிய துணியில் முடிந்து, இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியைப் பிழிந்து பிழிந்து பால் எடுத்து வடிகட்ட வேண்டும். மிக்ஸியில் நைசாக அரைத்தால் எண்ணெய் வெளிவந்து கரைசல் அடைக்கும். தெளிக்கும் முன் லிட்டருக்கு 10 மில்லி சோப்புக் கரைசல் சேர்த்தால் இலையில் பரவி நிற்கும். இது உடனே கொல்லும் மருந்தல்ல. பூச்சி தின்பதைக் குறைக்கும், தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். பலன் தெரிய ஐந்தாறு நாளாகும். மறுநாள் பூச்சி உயிரோடிருக்கிறதே என்று வேறு மருந்து அடிக்க வேண்டாம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும்போது எண்ணெயோ சோப்போ கந்தகமோ இலையில் படக் கூடாது. சித்திரை, வைகாசியில் காலை ஒன்பது மணிக்கே நாம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறோம். கோடையில் மாலை ஐந்தரைக்கு மேல், மதில் சூடு தணிந்த பிறகு தெளிப்பதே நல்லது. அந்நேரம் தேனீக்களும் கூடு திரும்பியிருக்கும். வேம்பின் சத்தும் வெயிலில் சிதையாமல் இரவு முழுக்க நிற்கும். மழைக்காலத்தில் மட்டும் இதை மாற்றிக் காலை ஏழு மணிக்குத் தெளிக்கலாம். இல்லாவிட்டால் இரவெல்லாம் இலை ஈரமாகவே இருந்து பூஞ்சணம் பிடிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் எண்ணெயையே தொடாதீர்கள். அப்போது தண்ணீர்ப் பீச்சலும் கைவேலையும் மட்டுமே. இன்னொன்று: வாடி நிற்கும் செடிக்கு மருந்து அடிக்கக் கூடாது. முந்தின நாள் மாலையில் வேர் நனையத் தண்ணீர் விட்டு, இலை விறைத்து நிற்கும்போதுதான் தெளிக்க வேண்டும். தாகத்தில் இருக்கும் இலைதான் முதலில் கருகும்.

எந்தக் கரைசலானாலும் முதலில் இரண்டு மூன்று கிளையில் மட்டும் தெளித்து, 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். முள் கிரீடம் என்று தொட்டியில் வைக்கும் கிறிஸ்து முள்செடியும், பெரணி வகைகளும் சோப்பைத் தாங்குவதில்லை. வேலி ஓரம் அவை இருந்தால் மூடிவிட்டுத் தெளியுங்கள். அப்படியே சுவரையும் தரையையும் கவனியுங்கள். ஆத்தங்குடித் தரைக் கல்லில் வேப்பெண்ணெய் விழுந்தால் உறிஞ்சிக்கொண்டு கறை நிற்கும். பளபளப்பாகத் தேய்த்த பழைய சுண்ணாம்புச் சுவரில் மஞ்சள் பட்டை விழுந்தால் அதைத் திருத்த ஆள் கிடைப்பதே அரிது. நனைத்த சாக்கு அல்லது தார்ப்பாய் ஒன்றைத் தொங்கவிட்டால் போதும்.

தெளிப்பான் பற்றியும் சொல்லியாக வேண்டும். களைக்கொல்லி அடித்த தெளிப்பானை எத்தனை முறை கழுவினாலும் வேலிச்செடிக்கு எடுக்கக் கூடாது. வாடகைக்கோ இரவலோ வாங்கும் முதுகுத் தெளிப்பான்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. தளிர் இலைகள் முறுக்கிக்கொண்டு, நரம்பு நெருங்கி, வால்போல நீண்டு வந்தால் அது 2,4-டி வகைக் களைக்கொல்லி மிச்சத்தின் வேலை. பூச்சி சுருட்டியது என்று நினைத்து மேலும் அடித்தால் நிலைமை மோசமாகும். வீட்டுக்கென்று 5 லிட்டர் கைப்பம்பு ஒன்று வாங்கி, அதன்மேல் எழுதி வைப்பது நல்லது. பத்தடி நீளம், நாலடி உயர வேலிக்கு இரண்டு பக்கமும் உள்ளும் நனைய ஏறக்குறைய 2 லிட்டர் ஆகும். அரை லிட்டரில் முடித்துவிட்டேன் என்றால் மேல் இலையை மட்டும் நனைத்திருக்கிறீர்கள். பூச்சி இருப்பது இலையின் அடியிலும் கணுவிலும். நாசிலை மேல்நோக்கித் திருப்பி, வேலிக்குள் கையை விட்டு, கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். இலையிலிருந்து சொட்டத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் வடிவது நுனியில் தேங்கிக் கருக்கும்.

இனி செடிவாரியாக.

செம்பருத்தி வேலியில் தலையாய எதிரி மாவுப்பூச்சி. வெள்ளைப் பஞ்சுப் பைக்குள் ஒரு தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும். அந்தப் பஞ்சு மெழுகால் ஆனது, தண்ணீர்க் கரைசல் அதில் ஒட்டாது. அதனால்தான் பஞ்சுமேல் எத்தனை முறை அடித்தாலும் பயனில்லை. நுனி முறுக்கி முடிச்சாகிவிட்ட கிளைகளில் மருந்தை வீணாக்காமல், முடிச்சுக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். முறுக்கிய இலை எந்த மருந்துக்கும் விரியாது. வெட்டும்போதே கிளைக்கு அடியில் ஒரு பையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உலுக்கிக் கீழே தள்ளினால் கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் மண்ணிலிருந்து மறுபடி ஏறும். மிச்சமுள்ள பஞ்சைப் பழைய பல்துலக்கியைச் சோப்புக் கரைசலில் நனைத்துத் தேய்த்து எடுத்த பிறகே தெளிப்பு. முதல் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள் என்று மூன்று முறை. முட்டை சோப்புக்குச் சாகாது, பொரித்து வரும் குஞ்சுகளைப் பிடிக்கவே இந்த இடைவெளி. முதல் தெளிப்பில் நன்றாகிவிட்டதென்று விட்டுவிடுகிறவர்கள்தான் அடுத்த மாதம் மீண்டும் கடைக்குப் போகிறார்கள்.

எறும்பை விட்டுவிட்டு மாவுப்பூச்சியை ஒழிக்க முடியாது. பூச்சி வெளிவிடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, பொறிவண்டு வந்தால் விரட்டுகிறது. வேலிக்கு ஒற்றைத் தண்டு இல்லாததால் கிரீஸ் தடவி எறும்பைத் தடுக்கும் வழி இங்கே உதவாது. மதிலைத் தொடும் கிளைகளை முதலில் வெட்டி, அந்தப் பாலத்தை அறுத்துவிடுங்கள். பிறகு 100 மில்லி தண்ணீரில் 20 கிராம் சர்க்கரையும் 1 கிராம் போரிக் பவுடரும் கரைத்து, பஞ்சில் நனைத்து, துளையிட்ட சிறு டப்பாவுக்குள் வைத்து எறும்பு வரிசையின் ஓரத்தில் வையுங்கள். பவுடர் கூடினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கு ஊட்டாது. மெல்லக் கொல்வதே இதில் பலன். குழந்தைகள், நாய், கோழி எட்டாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் மாவுப்பூச்சி அல்ல. கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழு அச்சு அசலாக மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளை இழைகளோடு இருக்கும். ஆனால் அளவில் பெரியது, தொட்டால் விறுவிறுவென்று நகரும். மாவுப்பூச்சி அநேகமாக அசையாது. 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இந்த வண்டு மாவுப்பூச்சியைத் தின்றே வாழ்கிறது. நாம் பல்துலக்கியோடு போய் அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறோம். 2008இல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, தமிழ்நாடெங்கும் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று எதையும் விடாமல் அழித்த பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கலாம். எந்த மருந்துக்கும் அடங்காத அதை அடக்கியது, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவித்து வளர்த்துப் பரப்பிய அசிரோபேகஸ் என்ற கடுகளவுகூட இல்லாத குளவி. அதன் சந்ததி நம் வேலிகளிலும் வேலை செய்துகொண்டிருக்கலாம். ஊதினாற்போல உப்பி, பழுப்பேறி, ஒரு பக்கம் துளையோடு காய்ந்து கிடக்கும் பூச்சிக் கூடுகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது என்று பொருள். அந்த வேலியில் வெட்டுவதோடும் தண்ணீர் பீச்சுவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் என்று எழுதியுள்ள மருந்துகளை வேலிக்கு அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவியும் வண்டும்தான். அதுவும் இமிடாகுளோபிரிட் போல உடலெங்கும் ஊடுருவும் மருந்து பூவின் தேனிலும் இறங்கும். செம்பருத்தியில் வந்து தொங்கும் தேன்சிட்டையும் தேனீயையும் நினைத்தாவது அதை வேலிக்கு வாங்காதீர்கள்.

அரளிக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கொழுந்திலும் பூங்கொத்தின் காம்பிலும் மொய்க்கும் மஞ்சள் அசுவினிக்குக் கால் கறுப்பாக இருக்கும். குழாய் முனையைப் பெருவிரலால் அழுத்தி, காலையில் மூன்று நாள் தொடர்ந்து பீச்சினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கீழே விழுந்த அசுவினி மறுபடி ஏறுவது குறைவு. மிச்சத்துக்கு 5 கிராம் சோப்பு. யூரியா போட்ட அரளியில்தான் அசுவினி கூட்டமாக வருகிறது. உரத்தைக் குறைத்தால் தளிரின் மென்மையும் குறையும், பூச்சியும் குறையும். கவாத்து செய்யும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய அரளியை எரிக்கவும் வேண்டாம், ஆட்டுக்குப் போடவும் வேண்டாம். இலையும் பாலும் புகையும் எல்லாமே நஞ்சு.

அரளியிலும் நந்தியாவட்டையிலும் ஒரே இரவில் இலைகள் காணாமல் போனால் கீழே பாருங்கள். மிளகைவிடப் பெரிய பச்சை எச்சம் கிடக்கும். அதற்கு நேர் மேலே, தலைக்குப் பின்னால் நீலக் கண் போன்ற இரண்டு பொட்டுகளோடு விரல் நீளப் புழு இருக்கும். கையால் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. சின்னப் புழுக்கள் நிறைய இருந்தால் மட்டும் பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாப் பொடி, லிட்டருக்கு 2 கிராம், மாலையில். பெரிய புழுவுக்கு அது சரிவர எடுபடாது.

இட்லிப்பூ வேலியில் செதில் பூச்சி வரும். தண்டிலும் நடுநரம்பிலும் பழுப்பு மச்சம் போல ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் பெயரும். முதிர்ந்த செதிலுக்குக் கவசம் உண்டு. பல்துலக்கிதான் மருந்து, அதன்பின் வேப்பெண்ணெய். இந்தச் செடியில் பூச்சி இல்லாமலே இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதுண்டு. அது இரும்புச் சத்துக் குறை. சுண்ணாம்புச் சுவரிலிருந்து கரைந்து இறங்கும் காரமும், கடினத் தண்ணீரும் மண்ணில் சேர்ந்தால் இருக்கும் இரும்பையும் வேர் எடுக்க முடியாது. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, மக்கிய எருவும் மழைத்தண்ணீரும் கொடுத்தால் தேறும். அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட்டை, மாலையில், ஒரு கிளையில் சோதித்த பின் தெளிக்கலாம். பூச்சி மருந்தால் இது ஒருநாளும் மாறாது.

பொன்னிறத் துரந்தா கோடையில் மங்கி, இலைமேல் ஊசி குத்தினாற்போல வெளிர் புள்ளிகள் தெரிந்தால் வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். தூசி நடக்க ஆரம்பித்தால் அது சிலந்திப்பேன். அது பூச்சி இனமே அல்ல, பல பூச்சி மருந்துகளுக்கு அடங்காது. அதைத் தின்னும் உயிர்கள் மருந்தில் செத்துப்போவதால் இன்னும் பெருகும். புழுதியும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். வாரம் இரு முறை இலையின் அடியில் தண்ணீர் பீச்சுவதே நல்ல வழி. நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம் என்பது குளிர்ந்த நாட்களுக்கு மட்டும். எண்ணெய் தெளித்த மூன்று வாரத்துக்குள் கந்தகம் தெளித்தால் இரண்டும் சேர்ந்து இலையை எரித்துவிடும். இந்த ஒரு எச்சரிக்கையைத் தெளிப்பான்மேலேயே எழுதி வைக்கலாம்.

ஃபைகஸ் வேலியில் இலை இரண்டாக மடிந்து, உள்ளே கறுத்த இலைப்பேன் இருந்தால் மடிப்புக்குள் கரைசல் போகாது. மடிந்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டுப் புதுத் தளிருக்கு மட்டும் வேம்பு தெளிக்க வேண்டும். மருதாணியில் கைக்கு அரைக்கும் பக்கத்துக்கு எதுவும் தெளிக்காமல் தண்ணீரோடு விட்டுவிடுங்கள்.

இனிப்புக் கழிவின்மேல் படரும் கரும்பூசணத்தைப் பார்த்து பூஞ்சணக்கொல்லி வாங்குகிறவர்கள் உண்டு. பூச்சி போனால் அதுவும் போகும். விரைவில் போக வேண்டுமென்றால் லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டித் தெளியுங்கள். கண்டாங்கிச் சேலைக்குப் போடுகிற கஞ்சிப் பதத்தைவிட நீர்த்திருக்க வேண்டும். வெயிலில் காய்ந்ததும் செதிள் செதிளாக உரிந்து, கருமையையும் கூட்டிக்கொண்டு விழும். கஞ்சி மட்டும் வெயில் நாளில்தான் தெளிக்க வேண்டும். மேகமூட்டத்தில் அது காயாமல் புளித்துவிடும்.

கார்த்திகை, மார்கழி ஈரத்தில் சாறு உறிஞ்சும் பூச்சிகள்மேல் வெர்டிசிலியம் லெக்கானி என்ற நன்மை செய்யும் பூஞ்சணப் பொடியும் நன்றாக வேலை செய்யும். லிட்டருக்கு 5 கிராம், மாலையில். சித்திரையில் அதை வாங்குவது வீண், ஈரப்பதம் இல்லாமல் அது முளைக்காது. குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில், பூச்சி பிடித்த ஒரு கிளையை மூடிய பாட்டிலில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டால், என்ன பூச்சி என்று தெரிந்துகொண்டு வாங்கலாம். கையில் கிளை இல்லாமல் "வெள்ளையா இருக்கு" என்று வாயால் சொல்லி வாங்குகிற மருந்துதான் தவறிப்போகிறது.

கவாத்துக்கு ஏற்ற காலம் தை முடிவதற்குள், அல்லது ஆடிக் காற்று அடங்கிய பிறகு. சித்திரையில் வேலியை மழித்தால் இதுவரை நிழலில் இருந்த உள்ளிலை திடீரென வெயிலில் வெந்துவிடும். வேலியைப் பெட்டிபோல நேராக வெட்டாமல், அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டினால் அடிவரை வெளிச்சமும் காற்றும் போகும். நெருக்கமான, இருட்டான அடிப்பகுதிதான் மாவுப்பூச்சி குடியேறும் இடம்.

கடைசியாக, எங்கள் கோரிக்கை. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் அதிகம். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உரிமையாளர்கள் கல்யாணத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் வரும்போது மட்டும் திறக்கிறார்கள். அந்த வீட்டு மதில் ஓரச் செம்பருத்தி ஆண்டு முழுக்க மாவுப்பூச்சிப் பண்ணையாக இருந்தால் பக்கத்து வீட்டார் எத்தனை முறை தெளித்தாலும் காற்றிலும் எறும்பின் வாயிலும் மறுபடி வந்து சேரும். உரிமையாளர்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் மாதம் ஒரு முறை நுனி வெட்டவும், வாரம் ஒரு முறை தண்ணீர் பீச்சவும் சொல்லி, அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வெட்டிய கிளைகளை ஊருணிக் கரையிலும் தெருக்கோடியிலும் கொட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. பூச்சி அங்கிருந்து கரையோரத்து நொச்சிக்கும் ஆவாரைக்கும் ஏறுகிறது. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, மூன்று நாள் நல்ல வெயிலில் கிடத்தினால் உள்ளே உள்ளதெல்லாம் வெந்துவிடும். அதன்பின் குப்பை வண்டிக்குக் கொடுக்கலாம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சித் துப்புரவு வண்டிகள் வேலிக் கழிவுக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கினால், தெருவே சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டித் தெளிக்க வசதியாக இருக்கும். மாசி பிறப்பதற்குள் அந்த நாளை அறிவிக்கும்படி உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான்.